ஸ்கீவ காட்டில் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம்

வெள்ளி, பிற்பகல் 3.16

ஹோர்சன்ஸ் நிலையத்துக்கு ரயில் நான்கு நிமிடம் பிந்தி வந்தது. என் முதுகுப்பையில் றப்பர் சப்பாத்து ஒரு சோடி, கம்பளிக் காலுறை மூன்று சோடி, ஒரு தொலைநோக்கி, தொப்பியில் சுற்றுகிற செம்மஞ்சள் பட்டி. துவக்கு மட்டும் இல்லை. அது ஸ்கீவப் பக்கம் சிக்னேயின் தகப்பன் வீட்டு இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சிக்னே என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவள், என்னைவிட மூன்று வயது கூட. அவளுடைய தகப்பன் யோர்னுக்கு ஸ்கீவவிலிருந்து பதினான்கு கிலோமீற்றரில் கோதுமை வயலும், அதை ஒட்டி ஊசியிலைக் காடும் உண்டு. ஊரின் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். மான் நிற்கிற இடத்தை எந்த வேட்டைக்காரரும் எழுத்தில் வர விடமாட்டார்.

டென்மார்க்கில் ஆசைப்பட்டவுடன் காட்டுக்குள் துவக்கோடு போய்விட முடியாது. ஒரு குளிர்காலம் முழுக்க வகுப்பு, வசந்தத்தில் பரீட்சை, அதற்கு மேல் றைபிள் பரீட்சை. நூறு மீற்றரில் ஆறு சூடு, குறைந்தது ஐந்து பட வேண்டும். எனக்கு இரண்டாம் தரம்தான் சரிவந்தது. இதை வீட்டில் முதலில் சொன்ன அன்று அம்மா அடுப்படியில் நின்றபடி, “துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனத்தின்ரை பிள்ளை, காசு கட்டித் துவக்குப் பழகுது” என்றார். அந்த வசனம் அவருக்கே பிடித்துப் போய்விட்டது. ஹோர்சன்ஸில் உள்ள தமிழ் வீடெல்லாம் போய், கடைசியில் புரொண்பிக்கும் போய்ச் சேர்ந்தது. நான் ஆமியில் சேரப்போகிறேனா என்று கேட்டுச் சின்னம்மா அங்கிருந்து போன் எடுத்தா.

இந்தப் பயணம் சரியாகக் கந்தசட்டி விரதத்துக்குள் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாம் நாள். அம்மா பின்னேரம் பாலும் பழமும் மட்டும். வீட்டுக்குள் ஆறு நாளும் மச்சம் மாமிசம் இல்லை. வேட்டை இறைச்சியை எப்படியும் நாலைந்து நாள் குளிரில் தொங்கவிட வேண்டும், அதனால் விரதம் முடிந்த பிறகுதான் வரும் என்று நான் விளக்கினேன். “அப்ப அங்கையே தொங்கட்டும்” என்றார். நான் வாசலில் சப்பாத்துப் போடும்போது இன்னொன்றும் சொன்னார்.

“வள்ளியைப் பெத்தது ஒரு மான். தெரியுமெல்லோ?”

“வளர்த்தது வேடர் அம்மா” என்றேன். பட்டென்று வந்த பதில்தான். அதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

டிக்கெட் 176 குரோனர். ஓர்ஹூஸில் மாறி, வீபோர்க் தாண்டி, ஸ்கீவவுக்கு இரண்டரை மணி நேரம். ஓர்ஹூஸ் வரைக்கும் ரயில் நிறைய வேலை முடிந்த முகங்கள். லாங்கோ கடந்ததும் பெட்டி வெறிச்சோடியது, யன்னல் நிரம்பியது. பீச் மரங்கள் செம்பு நிறத்தில், பேர்ச் மரங்கள் மஞ்சளில், நடுவில் புதிதாக முளைத்த குளிர்காலக் கோதுமை கண் கூசுகிற பச்சையில். டிக்கெட் பார்க்க வந்த பெண் என் பையில் தொங்கிய செம்மஞ்சள் பட்டியைக் கண்டு, “க்னெக் ஒ ப்ரெக்” என்றாள். உடை, முறி என்று அர்த்தம். வேட்டைக்குப் போகிறவரை டெனிஷ்காரர் இப்படித்தான் வாழ்த்துவார்கள். விரதம் இருக்கிற அம்மா பக்கத்தில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

சனி, காலை 6.40

யோர்னின் வீட்டுக் குசினியில் கோப்பி, பாண், சீஸ், அவருடைய மனைவி வைத்த பிளம்ஸ் ஜாம். வெளியே நாலு பாகை. அறுபதுகளில் இருக்கும் யோர்ன் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு வேட்டைத் தலைவர் என்பதால் மட்டும் எழுந்து நின்று பேசினார். நாங்கள் நாலு பேர்: அவர், சிக்னே, பக்கத்து வயல்காரர், நான். ஆளுக்கொரு பரண். சூரியன் உதிப்பது 8.11, அதற்கு முன் ஒரு வெடியும் கேட்கக்கூடாது. பத்து மணிக்கு எல்லோரும் குடிசைக்கு வர வேண்டும். வெடி சரியாகப் பட்டதா என்று சந்தேகம் இருந்தால் காட்டுக்குள் போகக்கூடாது, தனக்குச் சொல்ல வேண்டும். கடைசியாக, தாயும் குட்டியும் சேர்ந்து வந்தால் குட்டி முதலில்.

இந்தக் கடைசி விதி பரீட்சையிலும் வந்தது. நான் யோசிக்காமல் சரி போட்டேன். காரணமும் தெரியும். தாயைச் சுட்டால் குட்டி குளிர்காலத்தில் தனியே அலைந்து சாகும். குட்டியைச் சுட்டால் தாய் பிழைக்கும், அடுத்த வருடம் மறுபடி ஈனும். கணக்கு நேர்த்தியானது. அந்தக் குசினியில் அதை வாயால் சொல்லிக் கேட்டபோது மட்டும் நான் பாண் துண்டைத் தட்டில் வைத்துவிட்டேன்.

7.25

இந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும் இந்த விளையாட்டைப் பழகலாம் என்று நான் எல்லோருக்கும் சொல்லுவேன். மூன்றரை மீற்றர் உயரத்தில் ஒரு மரப் பரண். கீழே வயல், எதிரே காட்டின் விளிம்பு, எண்பது எண்பத்தைந்து மீற்றர். வள்ளி தினைக்குக் காவல் இருந்த பரணும் இந்த அளவுதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூடுபனி கறுப்பிலிருந்து சாம்பலாகியது. ஈரமான இலையின் மணம், காளான் மணம், எங்கோ ஒரு பண்ணையிலிருந்து மாட்டுச் சாணத்தின் மணம். தலைக்கு மேலே காட்டு வாத்துகள் லீம்பியோர்டன் நீர்ப்பரப்புப் பக்கமாக, ஒன்றையொன்று ஏசிக்கொண்டு போயின. ஒரு அணில் என் சப்பாத்தை முகர்ந்துவிட்டு, பிரயோசனமில்லை என்று முடிவெடுத்து இறங்கியது.

ஹோர்சன்ஸில் நான் ஒரு இடத்தில் பத்து நிமிடம் இருக்கமாட்டேன். இரண்டு திரையில் வேலை, மூன்றாவது கையில். பரணில் போனைத் தொட்டால் அந்த வெளிச்சத்தை மான் காணும். ஆகவே கை சும்மா இருந்தது. காது வளர்ந்த மாதிரி இருந்தது. ஒரு இலை விழுந்து இன்னொரு இலையில் படுகிற சத்தம்கூடக் கேட்டது.

8.49

தாய் முதலில் வந்தது. றோடூர் என்கிற சின்ன மான் இனம். யாழ்ப்பாணத்து ஆட்டின் அளவுதான் இருக்கும், குளிர்கால மயிர் வைத்துச் சாம்பல் நிறம். விளிம்பில் நின்று காதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தது. அதன் பின்னால் குட்டி. அக்டோபரில் குட்டி என்றால் கால் நடுங்குகிற குட்டி இல்லை. தாயின் முக்கால் அளவு, முகம் மட்டும் கட்டை. தாய் கோதுமையைக் கடிக்கத் தொடங்கியதும் குட்டி முன்னுக்கு வந்து பக்கவாட்டாக நின்றது. தோளுக்குப் பின்னால், கீழ் மூன்றில் ஒரு பங்கு: அங்கேதான் பட வேண்டும். பாடத்தில் உள்ள படம் மாதிரியே நின்றது. நான் குறிவைத்தேன். மூச்சை விட்டேன்.

அப்போது சுட்டிருக்க வேண்டும். நான் தாயைப் பார்த்தேன். ஒரே ஒரு தரம்தான். அம்மா வாசலில் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் சொன்ன கெட்டிக்காரப் பதிலும் வந்தது. அது இப்போது கெட்டித்தனமாகத் தெரியவில்லை. மூன்று நான்கு செக்கன் போயிருக்கும். குறிக்குத் திரும்பி விரலை அழுத்தும்போது குட்டி அரைவாசி திரும்பியிருந்தது. அதைக் கண்டேன், கண்டுகொண்டே அழுத்தினேன்.

8.52. குட்டி முதுகைக் கூனி வளைத்தது. பிறகு இரண்டும் காட்டுக்குள் போய்விட்டன.

முதுகைக் கூனினால் வயிற்றில் பட்டது என்று அர்த்தம். வகுப்பில் முன்வாங்கில் இருந்து பெரிய எழுத்தில் எழுதியவள் நான். அது தெரிந்தும், பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு இறங்கி அந்த இடத்துக்குப் போனேன். போகக்கூடாது என்று காலையில்தான் சொன்னார்கள். இரத்தம் இல்லை. கோதுமைத் தாளில் ஒரு சின்னக் கொத்து மயிர் கிடந்தது. அதை எடுத்து யாக்கெற் பொக்கற்றுக்குள் வைத்தேன். காட்டுக்குள் ஒரு முப்பது மீற்றர் நடந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தவறிவிட்டது என்று என் மனம் எவ்வளவு விரைவாக எழுதி முடித்தது என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

10.00

குடிசை வாசலில் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி, பக்கத்து வயல்காரர் சுட்ட ஒரு ஆண் மானைப் படுக்க வைத்திருந்தார்கள். அதன் வாயில் ஒரு சின்னக் கிளை. கடைசிக் கடி என்று அதற்குப் பெயர், செத்த மிருகத்துக்குக் கொடுக்கிற மரியாதை. யோர்ன் என்னைப் பார்த்து, உன் பக்கத்தில் ஒரு வெடி கேட்டதே என்றார்.

தவறிவிட்டது என்றேன்.

அவ்வளவுதான், எல்லோரும் இளகிவிட்டார்கள். சிக்னே என் தோளைத் தட்டினாள். பக்கத்து வயல்காரர் ஒரு சின்னக் கிண்ணத்தில் கசப்பு மதுவை ஊற்றித் தந்தார். அதிகம் பேசாத யோர்ன், தன் முதல் வருடத்தில் இருபது மீற்றரில் நின்ற மானைத் தவறவிட்டு, அயலவரின் தபால் பெட்டியைத் துளைத்த கதையைச் சொன்னார். பரணை மெலிதாய்க் கட்டிவிட்டோம், இவள் நடுங்க அதுவும் சேர்ந்து நடுங்கியிருக்கும் என்று சிக்னே பகிடி விட்டாள். நான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் இருந்து அலுவலகம் வரை எத்தனையோ டெனிஷ் மேசைகளில் இருந்திருக்கிறேன். இவ்வளவு சுலபமாக எனக்கு இடம் ஒதுக்கப்பட்டது இல்லை. சரியாகச் சுட்டிருந்தால்கூட இவ்வளவு பிடித்திருக்காது. தவறவிட்டவள் எல்லோருக்கும் சொந்தம்.

குடிசையின் கதவு வயலைப் பார்த்துத் திறந்திருந்தது. பத்தரை தாண்டி, காட்டின் விளிம்பில் தாய் வந்து நின்றது. மேயவில்லை. நாலடி வந்தது, நின்றது, திரும்பிக் காட்டைப் பார்த்தது, உள்ளே போனது. மறுபடி வந்தது. பகலில், நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு மான் இப்படிச் செய்யாது. அவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் கதவுக்கு நேரே இருந்தேன்.

பொக்கற்றில் கையை விட்டு மயிர்க் கொத்தை எடுத்து மேசையில் கோப்பிக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தேன். குட்டி முதுகைக் கூனினது, நான் கண்டேன் என்றேன். என் டெனிஷ் அவ்வளவு மோசமாக ஒருநாளும் இருந்ததில்லை. வினைச்சொல்லெல்லாம் இடம் மாறி வந்தது.

யோர்ன் கிண்ணத்தை வைத்தார். ஏசவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார்: 10.40. துவக்குகளை உள்ளே வையுங்கள், இனி யாரும் குடிக்க வேண்டாம், நாய்க்காரர் சாமைக் கூப்பிடுகிறேன் என்றார். காயப்பட்ட மானை நாயோடு தேடுவதற்கென்று இங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டு. சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் வர வேண்டும் என்பது அவர்கள் கடமை, கூப்பிட வேண்டும் என்பது வேட்டைக்காரரின் கடமை. யோர்ன் அழைத்தபோது சாம் போனை எடுக்கவில்லை. செய்தி வைத்தார். சிக்னே எனக்குக் கோப்பி ஊற்றினாள், முகத்தைப் பார்க்காமல். பன்னிரண்டு ஐந்துக்கு சாம் திருப்பி எடுத்தார்.

பிற்பகல் 1.10

சாம்பல் நிறக் காரிலிருந்து இறங்கியவர் ஒரு தமிழர்.

நான் ஓரடி முன்னுக்குப் போய்ப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், நரை விழுந்த தாடி, செம்மஞ்சள் யாக்கெற். பின் கதவைத் திறக்க, செம்மண் நிறத்தில் தொங்கு காதோடு ஒரு நாய் குதித்தது. அவரும் என்னைக் கண்டு ஒரு கணம் நின்றார்.

“தமிழோ?”

“ஓம்.”

“சரி, ஊர் எது, ஆற்றை பிள்ளை எல்லாம் பிறகு கதைப்பம்” என்றுவிட்டு டெனிஷுக்கு மாறினார். அதன் பிறகு யோர்னும் சிக்னேயும் நிற்கும்போது அவர் என்னோடு ஒரு சொல்லும் தமிழில் பேசவில்லை. பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்பது அவர் ஒழுங்கு. அவருடைய டெனிஷ், யோர்னின் டெனிஷைவிட மேற்கு யூட்லாந்துத்தனமாக இருந்தது. பாதிச் சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். முழுப்பெயர் சாமுவேல். ஸ்கீவவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஞாயிறுகளில் சபை.

அந்த இடத்தில் நின்று ஐந்து கேள்வி கேட்டார். நான் எங்கே இருந்தேன். மான் எங்கே நின்றது. எப்படித் திரும்பி நின்றது. வெடிக்குப் பிறகு என்ன செய்தது. அதற்குப் பிறகு இங்கே யார் நடந்தது. நாலுக்கும் நேராகச் சொன்னேன். ஐந்தாவதுக்கு, நான்தான், முப்பது மீற்றர் என்றேன். அவர் நிலத்தில் என் சப்பாத்துத் தடங்களைப் பார்த்தார். மயிரை வெளிச்சத்தில் பிடித்து விரலால் பிரித்தார். வெளிறிய, முரட்டு மயிர், வயிற்றின் அடிப்பக்கம் என்றார். யோர்ன் தலையாட்டினார். சூரியன் மறைய இன்னும் ஐந்து மணி நேரத்துக்குக் கிட்ட இருந்தது. அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இராமுழுக்க எங்கோ கிடக்கும்.

யோர்னும் சிக்னேயும் காட்டின் மறுபக்கத்தில் போய் நின்றார்கள். நாயோடு நாங்கள் இருவரும். பத்து மீற்றர் தோல் கயிறு, முன்னுக்கு நாய், பின்னுக்குத் தோளில் துவக்கோடு அவர், அதற்குப் பின்னால் நான், கையில் கடதாசித் துண்டுகள். அவர் காட்டுகிற இடத்தில் ஒரு துண்டைக் கட்ட வேண்டும். என் தடம் முடிகிற இடம் வரை நாய் குழம்பியது. இரண்டு தரம் திரும்பி வந்து என் சப்பாத்தை மணந்தது.

“உங்களைப் பிடிச்சிட்டுது. உங்களைச் சுடச் சொல்லுது” என்றார் சாமுவேல் அண்ணை.

பிறகு நாய் தலையை நிலத்துக்குக் கொடுத்தது, கயிறு விறைத்தது. நூற்றைம்பது மீற்றரில் ஒரு பன்னச் செடியின் இலைக்கு அடியில் கடுகளவு இரத்தம். நான் மூன்று தரம் நடந்திருந்தாலும் கண்டிருக்கமாட்டேன். “கெட்டிக்காரி” என்று தமிழில் சொன்னார். கட்டளையெல்லாம் டெனிஷில், பாராட்டு மட்டும் தமிழில். காரணம் கேட்டேன். “பரீட்சைக்கு டெனிஷ்தான் வேணும். கொஞ்சுறதுக்குப் பரீட்சை இல்லைத்தானே.”

முன்னூறு மீற்றரில் குட்டி படுத்திருந்த இடம். பாசி அமுங்கி, நடுவில் கறுத்த ஈரம். அங்கே நாயைக் கொஞ்சம் ஆறவிட்டார். ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் அண்ணை என்று கேட்டேன். ஏதோ பெரிய கதை வரும் என்று நினைத்தேன். “மனுசி நாய் வேண்டாமெண்டவ. பிள்ளையள் கேட்டதுகள். வாங்கினாப்பிறகுதான் தெரிஞ்சுது, இந்தச் சாதி நாய்க்கு வேலை குடுக்காட்டி வீட்டுச் சோபாவைத் திண்டுபோடும். ஒரு சோபா போனது. அதுக்குப் பிறகு வகுப்புக்குப் போனனான்.” பெரும்பாலும் வீதியில் கார் அடித்த மான்களைத் தேடித்தான் கூப்பிடுவார்களாம். அடித்தவர்கள் அநேகமாகக் காருக்குள்ளேயே அழுதுகொண்டு இருப்பார்களாம்.

2.05

காற்றில் விழுந்த ஒரு ஊசியிலை மரம். அதற்கு ஐந்து மீற்றர் இந்தப் பக்கத்தில் இருந்து தாய் மான் வெடித்தது போல எழுந்து பாய்ந்தது. விளிம்புக்கு வந்து போனது போக, மற்ற நேரமெல்லாம் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறது. நாய் அதைப் பார்க்கவே இல்லை. அதற்கு வேறு வேலை இருந்தது.

குட்டி மரத்தின் அடியில் தலையைத் தூக்கிப் பார்த்தபடி கிடந்தது. உயிர் இருந்தது. எழும்ப முயன்றது, முடியவில்லை.

அண்ணை நாயை என் கையில் தந்தார். “நான் முடிக்கிறன், அதுதான் ஒழுங்கு. நீங்கள் பாக்கப் போறீங்களோ, திரும்பி நிக்கப் போறீங்களோ?”

“பாக்கிறன்.”

பார்த்தேன். ஒரு வெடி. அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, போனில் யோர்னுக்கு இடத்தைச் சொன்னார். பிறகு ஒரு கிளையை ஒடித்து அதன் வாயில் வைத்தார். இன்னொரு கிளையை இரத்தத்தில் தொட்டு, தன் தொப்பியின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார். சுட்டவருக்கு உரியது. அதில் பாதியை முறித்து நாயின் கழுத்துப் பட்டியில் செருக வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். செருகினேன். மற்றப் பாதியை என் தொப்பியில் வைக்க மனம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். அண்ணை அதைக் கண்டார்.

குடிசையில் அவர் ஒரு படிவம் நிரப்பினார். இடம், மிருகம், காயம், தூரம் 610 மீற்றர். வெடி வைத்த நேரம்: 8.52. அறிவித்த நேரம் என்று ஒரு பெட்டி. யோர்ன் என்னைப் பார்த்தார். நானே 10.40 என்றேன். அண்ணை எழுதினார். ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். கழித்துப் பார்க்க எனக்குக் கடதாசி தேவைப்படவில்லை.

காருக்குப் போகும்போது அவர் பின்னாலே போனேன். உடனே சொல்லியிருந்தால் அது அவ்வளவு நேரம் கிடந்திருக்காதுதானே என்று கேட்டேன். அவர் நாயின் பாதங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மகளுக்கு ஹாண்ட்போல் போட்டி. பன்ரெண்டு மணி மட்டும் போன் பையுக்குள்ளை. நீங்கள் ஒம்பது மணிக்குச் சொல்லியிருந்தாலும் நான் இந்த நேரத்துக்குத்தான் வந்திருப்பன்.”

“அப்ப ஒரு வித்தியாசமும் இல்லையோ அண்ணை?”

“மானுக்கு இல்லை” என்றார். பிறகு, எந்த ஊர் என்று கேட்டார். அம்மாவின் ஊரைச் சொன்னேன். தன் மனைவிக்கு அதற்கு அடுத்த ஊர் என்றார், பெண் கொடுத்த ஊர்க்காரரைப் பற்றிப் பேசக்கூடாது என்று சிரித்தார், ஸ்கீவவுக்கு வந்தால் சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். வெளிக்கிட்டுவிட்டார்.

4.48

ஸ்கீவ நிலையம். சிக்னே என்னை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காருக்குள் இருந்தாள். யோர்ன் அடுத்த சனிக்கும் அந்தப் பரணில் உனக்கு இடம் வைத்திருக்கிறார், அதற்கு முன்னர் சூட்டுத் திடலுக்குப் போய் நாற்பது வெடி வைத்துவிட்டு வர வேண்டுமாம் என்றாள். தவறவிட்டவளுக்குக் கிடைத்த சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. இடம் மட்டும் இருந்தது. வருகிறேன் என்றேன்.

ரயிலில் ஏறி யன்னல் ஓரம் இருந்தேன். வெளியே அதே செம்பு, அதே மஞ்சள், எதிர்த் திசையில். நேற்று இதையெல்லாம் காட்சியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது ஒவ்வொரு காட்டு விளிம்பிலும் கண் தன்பாட்டில் நின்று தேடியது. ஹோர்சன்ஸில் பொலித்தீனுக்குள் வருகிற இறைச்சிக்கும் ஒரு நேரம், ஒரு இடம், ஒரு கை இருந்திருக்கும். அதை எழுதுகிற பெட்டி அந்த லேபலில் இல்லை. இருந்தால் நான் வாசித்திருப்பேனோ தெரியாது.

மாலை 7.31

அம்மா காரோடு நின்றார். கோயில் பூசை முடிந்து வந்திருந்தார், நெற்றியில் திருநீறு, பின் சீற்றில் எனக்கென்று ஒரு வாழைப்பழம். நான் நேரங்களோடு, ஒழுங்காக, ஒன்றும் விடாமல் சொன்னேன். மயிரைப் பொக்கற்றில் வைத்ததையும் சொன்னேன். அவர் வள்ளியைப் பற்றி ஒன்றும் எடுக்கவில்லை.

“தாய்?” என்று கேட்டார்.

“பக்கத்திலையே படுத்திருந்தது. பிறகு ஓடிட்டுது.”

சிவப்பு விளக்கு. அம்மா பதினான்கு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, முன்னுக்குப் பார்த்தபடி பேசத் தொடங்கினார்.

“நானும் ஒருக்கா எழுதேல்லை.”

வேலை தொடங்கி மூன்றாம் கிழமையாம். குளியலறையில் ஒரு கிழவி அவர் கையிலிருந்து வழுக்கி மெல்ல நிலத்தில் இருந்துவிட்டா. காயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருவர் விழுந்தால் அந்த வேலைநேரம் முடிய முன்னர் எழுதி வைக்க வேண்டும். அம்மாவின் டெனிஷ் அப்போது அரைகுறை, வேலையும் நிரந்தரம் இல்லை. தூக்கி இருத்தி, துடைத்து, உடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?”

“இல்லை. என்னைப் பாத்துச் சிரிச்சவ.”

“பிறகு?”

“பிறகென்ன. எனக்கு ரெண்டு நாள் லீவு. ரெண்டு நாளும் வேலைக்குப் போன் எடுத்து, என்ரை கம்பளித் தொப்பி அங்கை கிடக்கோ எண்டு கேட்டனான்.”

“தொப்பியோ?”

“அவ எப்பிடி இருக்கிறா எண்டு நேரை கேக்கேலாதெல்லோ. தொப்பியைக் கேட்டா, அவையள் அந்தப் பக்கம் நடந்து போய்ப் பாப்பினம். பாத்திட்டு வந்து, தொப்பி இல்லை, எல்லாரும் கோப்பி குடிக்கினம் எண்டு சொல்லுவினம். அந்த எல்லாருக்குள்ளை அவவும் இருப்பா.”

விளக்கு பச்சையாகி, பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னர் இந்த இடத்தை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் வாசித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, என் கையிலிருந்து வாங்கி, தானே இன்னொரு தரம் வாசித்தார். பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார்.

“மூண்டாம் கிழமை இல்லை. யோசிச்சுப் பாத்தனான். நாலாம் கிழமை. சரியா எழுது.”